சமையலறைப் பொருட்களில் ஃபேஸ் பேக்: கலப்பதிலிருந்து கழுவுவது வரை

முதலில் எலுமிச்சம்பழத்தை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். வீட்டில் ஃபேஸ் பேக் போடுவதைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் "அரை மூடி எலுமிச்சை பிழிந்துவிடுங்கள்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். நானும் ஒரு நாள் அப்படித்தான் தேனில் எலுமிச்சைச் சாறு கலந்து மேலுதட்டுக்கு மேலே பூசினேன். அந்த இடம் கொஞ்சம் கறுத்திருப்பது போலத் தோன்றியதுதான் காரணம். சுறுசுறுவென்று எரிந்தது. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டேன். அரைகுறையாகக் கழுவிவிட்டு வெயிலில் கிளம்பியும் போனேன். இரண்டு நாள் கழித்து அந்த இடம் சிவந்தது. பிறகு, நான் போக்க நினைத்த கறுப்பைவிட அடர்த்தியான பழுப்புத் திட்டு அங்கே வந்து உட்கார்ந்தது. அது முழுதாக மறைய நாலு மாதத்துக்கு மேல் ஆனது.

ஏன் அப்படி ஆனது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எலுமிச்சை வகைப் பழங்களின் தோலிலும் சாற்றிலும் ஃபியூரோகூமரின் என்ற சேர்மங்கள் இருக்கின்றன. அவை தோலில் இருக்கும்போது சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டால் அந்த இடம் வெந்தது போல் ஆகிவிடும். உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அதனால்தான் பலர் எலுமிச்சையைச் சந்தேகிப்பதே இல்லை. இன்னொரு கணக்கும் இருக்கிறது. நம் தோலின் பி.எச். அளவு ஏறத்தாழ 5. எலுமிச்சைச் சாற்றின் அளவு 2 முதல் 2.5 வரை. இந்த எண் ஒன்று குறைந்தால் அமிலம் 10 மடங்கு கூடுகிறது என்று பொருள். அப்படியென்றால் தோல் தாங்கிப் பழகியதைவிடப் பல நூறு மடங்கு புளிப்பை அதன்மேல் ஊற்றுகிறோம்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. சமையலறையில் இருக்கிறது, சாப்பிடும் பொருள், அதனால் முகத்துக்கும் நல்லது என்ற நம்பிக்கையை விட்டுவிட்டுத்தான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும். விட்டுவிட்டால், மீதி எல்லாம் எளிது, இதமானதும்கூட.

பேக் என்ன செய்யும், என்ன செய்யாது

தோலின் மேலடுக்கு என்பது தட்டையான, இறந்த செல்கள் ஓடு வேய்ந்தது போல 15, 20 வரிசையாக அடுக்கி வைத்த ஒரு மெல்லிய சுவர். முகத்தில் அது ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. ஆனாலும் உறுதியான சுவர். எதையும் எளிதில் உள்ளே விடாது. மூலக்கூறு எடை 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) மேல் போனால் அந்தப் பொருள் சாதாரணத் தோலைத் தாண்டி உள்ளே போவது மிகக் கடினம் என்பது தோல் மருத்துவத்தில் பொதுவாக ஏற்றுக்கொண்ட ஒரு கணக்கு. கொலாஜன் என்ற புரதத்தின் எடை சுமார் 3 லட்சம் டால்டன். ஆகவே வாழைப்பழத்தின் சத்து தோலுக்குள் இறங்கும், முட்டையின் புரதம் சுருக்கத்தை நிரப்பும் என்பதையெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம்.

எதிர்பார்க்கக் கூடியவை நான்கு. வறண்ட மேலடுக்கில் தண்ணீரைப் பிடித்து நிறுத்துவது ஒன்று. அரிப்பு, சிவப்பு, எரிச்சலை ஆற்றுவது இன்னொன்று. மேலே மிதக்கும் எண்ணெயை உறிஞ்சி எடுப்பது மூன்றாவது. உதிரத் தயாராக இருக்கும் செல்களை மெதுவாகக் கழற்றிவிடுவது நான்காவது. ஒரு பேக் இந்த நான்கில் ஒன்றையோ இரண்டையோ நன்றாகச் செய்தால் போதும். ஏழெட்டுப் பொருளைப் போட்டுக் கலக்கும் குறிப்புகள் எனக்குப் பிடிப்பதில்லை. தோல் சிவந்தால் எதனால் சிவந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. நன்றாக இருந்தாலும் எதனால் என்று தெரியாது.

சரி, உங்கள் முகத்துக்கு இன்று எந்த வேலை தேவை? மிதமான ஃபேஸ் வாஷ் போட்டு முகத்தைக் கழுவி, ஒற்றித் துடைத்துவிட்டு, எதையும் தடவாமல் ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். கன்னம் இழுத்துப் பிடித்தது போல் இருந்தால் வறண்ட சருமம். நெற்றியும் மூக்கும் பளபளத்து, கன்னம் சாதாரணமாக இருந்தால் கலவைச் சருமம். முகம் முழுக்க எண்ணெய் மின்னினால் எண்ணெய்ப்பசைச் சருமம். கழுவியதுமே சிவந்து குறுகுறுத்தால், வேறு எந்த வகையானாலும், அதை எளிதில் எரிச்சலடையும் சருமமாக நினைத்து நடத்துங்கள். இதை வருடத்துக்கு ஒரு முறை பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெயில் காலத்தில் எண்ணெய் வழியும் முகம் குளிரில் தோல் உரிந்து நிற்கும்.

சோதிக்காமல் முகத்தில் வைக்க வேண்டாம்

புதிதாக எந்தப் பொருளை எடுத்தாலும், முழங்கையின் உட்பக்க மடிப்பிலோ காதுக்குப் பின்னாலோ ஒரு நாணயம் அளவுக்குத் தடவி 15 நிமிடம் வைத்துக் கழுவுங்கள். பிறகு 48 மணி நேரம் காத்திருங்கள். இந்தக் காத்திருப்புதான் பலருக்கும் பொறுமை போகும் இடம். ஆனால் தொட்டதால் வரும் ஒவ்வாமை மெதுவாக வரக்கூடியது. பத்து நிமிடத்தில் ஒன்றும் ஆகவில்லை என்பது எரிச்சல் இல்லை என்பதை மட்டும்தான் காட்டும். கலவையாகச் சோதிக்காமல் தேன், தயிர், ஓட்ஸ் என்று தனித்தனியாகச் சோதித்து வைத்துக்கொண்டால், அப்புறம் அவற்றை எப்படிச் சேர்த்தாலும் தைரியமாக இருக்கலாம்.

சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாத எதையும் முகத்தில் பூசக் கூடாது. ரப்பர் கையுறையோ பலூனோ பட்டால் அரிப்பெடுப்பவர்கள் வாழைப்பழம், பப்பாளி, வெண்ணெய்ப்பழம், கிவி ஆகியவற்றில் கவனமாக இருக்க வேண்டும். ரப்பர் பாலில் உள்ள புரதங்களைப் போன்ற புரதங்கள் இவற்றிலும் உண்டு.

தோல் கிழிந்திருக்கும்போதும், படை வந்து வெடித்திருக்கும்போதும் உணவுப் பொருளை அதன்மேல் பூசவே கூடாது. ஜப்பானில் கோதுமைப் புரதத்தை உடைத்துச் சேர்த்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்திய 2000 பேருக்கு மேல் கோதுமை ஒவ்வாமை வந்தது. அதுவரை ரொட்டியும் நூடுல்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். 2011-இல் அந்தச் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். வயிற்றின் வழியாகப் போனால் உடல் ஏற்றுக்கொள்ளும் ஒரு உணவு, தோல் வழியாகப் போனால் எதிரியாகப் பதிவாகலாம் என்பதை அது கண்முன் காட்டியது. வீட்டில் வாரம் ஒரு முறை, ஆரோக்கியமான தோலில் போடுவதற்கும் இதற்கும் நிறைய தூரம் இருக்கிறது. இருந்தாலும் கீறல், வெடிப்பு, உடைந்த பரு உள்ள இடத்தை விட்டுவிட்டுப் பூசுங்கள்.

பாத்திரம், கை, முகம்

கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணம் ஒன்று, ஸ்பூன் ஒன்று, சுத்தமான துணி ஒன்று. மசாலா அரைத்த மிக்ஸி ஜாரில் ஓட்ஸை அரைத்துவிட்டுக் கன்னம் எரிகிறதே என்று நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மிளகாய் வாசனை போகாத ஜார் இதற்கு உதவாது. பிளாஸ்டிக்கானால் மணமும் காரமும் ஊறிப் போயிருக்கும்.

ஒரு முகத்துக்கு 2 டேபிள்ஸ்பூன் கலவை தாராளமாகப் போதும். அதற்கு மேல் கலந்தால் வீணாகும், இல்லையென்றால் நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை வரும். அந்த ஆசை ஆபத்தானது, பின்னால் சொல்கிறேன்.

முடியைக் கட்டி, நெற்றியில் விழாமல் பட்டை போட்டுக்கொள்ளுங்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். முகத்தை வெதுவெதுப்பான நீரில் கழுவி, மேக்கப்பும் சன்ஸ்க்ரீனும் முழுதாகப் போனதை உறுதி செய்யுங்கள். ஆவி பிடிக்க வேண்டியதில்லை. துளைகள் ஆவியில் திறந்து குளிர்ந்த நீரில் மூடும் கதவுகள் அல்ல. சூட்டில் முகம் சிவப்பதுதான் மிச்சம். கழுவிய முகத்தை எலும்பு தேய்வது போல் துடைக்காமல், ஈரம் கொஞ்சம் இருக்கும்படி ஒற்றி விடுங்கள். அந்த ஈரத்தின் மேல்தான் பேக் போடப் போகிறோம்.

ஓட்ஸ்: எல்லோரும் இதில் தொடங்கலாம்

ஒரே ஒரு பேக் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் ஓட்ஸைத்தான் சொல்வேன். வறண்ட சருமம், எரிச்சல் பிடித்த சருமம், எண்ணெய்ச் சருமம் என்று எதற்கும் பெரும்பாலும் தொந்தரவு தராது. இதன் பின்னால் இருக்கும் சான்றும் மற்ற சமையலறைப் பொருட்களைவிட வலுவானது. மிக நுண்ணிய ஓட்ஸ் தூளைத் தோலைக் காக்கும் பொருளாக அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2003-இல் ஏற்றுக்கொண்டது. ஓட்ஸில் இருக்கும் மாவுச்சத்தும் பீட்டா குளூக்கான் என்ற நார்ச்சத்தும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தோலின்மேல் ஒரு மெல்லிய படலம் போல நிற்கின்றன. அவெனாந்த்ரமைடு என்ற சேர்மங்கள் அரிப்பையும் சிவப்பையும் தணிக்கின்றன.

எல்லாம் அரைப்பில் இருக்கிறது. சர்க்கரை, உப்பு, மசாலா எதுவும் சேர்க்காத வெறும் ஓட்ஸ் 3 டேபிள்ஸ்பூன் எடுத்து, ஈரமில்லாத மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள். முதல் சுற்றில் உடைந்த அவல் போல் இருக்கும். இரண்டாவது சுற்றில் ரவை. நிறுத்த வேண்டிய இடம் அது இல்லை. ஜாரின் ஓரத்தில் ஒட்டியதை வழித்துவிட்டு இன்னும் இரண்டு மூன்று சுற்று ஓடவிட்டால், மூடியைத் திறக்கும்போது மெல்லிய புகை போலத் தூள் எழும். இப்போது மெல்லிய சல்லடையில் சலியுங்கள். சல்லடைமேல் நிற்கும் உமி போன்ற செதில்களை முகத்தில் தேய்க்க வேண்டாம், கஞ்சியில் போட்டுக்கொள்ளலாம்.

தூள் சரியாக அரைபட்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு கண்ணாடி டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூன் தூளைத் தூவிக் கலக்குங்கள். நீர் பால் போல் வெளுத்து, சிறிது நேரம் அப்படியே நின்றால் சரி. விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தால் வழுவழுவென்று சோப்பு நீர் போல இருக்கும். தூள் மளமளவென்று அடியில் இறங்கி, மேலே நீர் தெளிந்து நின்றால் இன்னும் அரைக்க வேண்டும்.

இனிக் கலப்பது. ஒன்றரை டேபிள்ஸ்பூன் தூளில் வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக வந்ததும் நிறுத்தி, 5 நிமிடம் விடுங்கள். ஓட்ஸ் நீரைக் குடித்து ஊதும், கலவை இறுகும். இந்த 5 நிமிடத்தைத் தவிர்த்துவிட்டு உடனே பூசினால், அது உங்கள் முகத்தில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கத் தொடங்கும். இறுகியதும் இன்னும் கொஞ்சம் நீர் விட்டு மென்மையாக்கிப் பூசுங்கள். 15 நிமிடம் போதும். வறண்ட சருமமானால் நீருக்குப் பதில் பாலும் அரை டீஸ்பூன் தேனும் சேர்க்கலாம்.

தயிரும் தேனும்

தயிரில் லாக்டிக் அமிலம் இருக்கிறது. பாலில் உள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் புளிக்க வைக்கும்போது உண்டாவது. இதன் மூலக்கூறு மிகச் சிறியது, 90 டால்டன்தான். செல்களை ஒட்டவைத்திருக்கும் பிடிப்பை இது தளர்த்தும். ஆனால் தயிரில் இருப்பது ஏறத்தாழ 1 சதவீதம். கடையில் கிடைக்கும் லாக்டிக் அமிலச் சீரம்களில் பொதுவாக 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். ஆகவே தயிர் மிக மென்மையான வேலைக்காரர். ஒரே நாளில் முகம் மாறாது. மெதுவாகச் செய்வதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

இனிப்பு, பழச்சுவை எதுவும் இல்லாத, அன்றோ நேற்றோ தோய்ந்த தயிர் எடுங்கள். நாலு நாள் புளித்த தயிர் கன்னத்தைக் கடிக்கும். 2 டேபிள்ஸ்பூன் தயிரை மெல்லிய துணியில் 20 நிமிடம் வடியவிட்டால் முகத்திலிருந்து வழியாது. அதில் ஒரு டீஸ்பூன் தேன். அவ்வளவுதான். 10 நிமிடம் வைத்துக் கழுவுங்கள். மாலையில் அல்லது இரவில் போடுவது நல்லது.

தேனில் தண்ணீர் 20 சதவீதத்துக்கும் குறைவு. மீதி பெரும்பாலும் சர்க்கரை. அந்தச் சர்க்கரை சுற்றியிருக்கும் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். அதனால்தான் தேனை உலர்ந்த முகத்தில் பூசாமல் ஈர முகத்தில் பூச வேண்டும். நீர் சேரும்போது தேனில் உள்ள ஒரு நொதி சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்குகிறது. தேன் கிருமிகளை அடக்குவதற்கு அது ஒரு காரணம். கட்டிப்போன தேனின் படிகங்கள் தோலைக் கீறும். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி இளக்கிவிட்டு எடுங்கள். அடுப்பில் சூடாக்கினால் அந்த நொதி கெட்டுவிடும். மகரந்தமோ தேனீக் கடியோ ஒத்துக்கொள்ளாதவர்கள் தேனை விட்டுவிடலாம்.

எண்ணெய் வழியும் முகத்துக்குக் கடலை மாவு

ஒரு டேபிள்ஸ்பூன் சலித்த கடலை மாவு, ஒரு டேபிள்ஸ்பூன் தயிர், தேவைப்பட்டால் சில துளி நீர். கட்டியில்லாமல் குழைத்துக்கொள்ளுங்கள். மாவு எண்ணெயை உறிஞ்சும், தயிர் மேலடுக்கைத் தளர்த்தும். கலவைச் சருமமானால் நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் இதைப் போட்டு, கன்னத்தில் ஓட்ஸ் போடுங்கள். ஒரு முகத்துக்கு ஒரே பேக்தான் என்று யாரும் சட்டம் போடவில்லை.

மாவு வகைகளில் எல்லோரும் செய்யும் தவறு காய்ந்து வெடிக்கும் வரை விடுவது. பேக் ஈரமாக இருக்கும் வரை தோலுக்கு நல்லது செய்கிறது. முழுதாகக் காய்ந்தபின் தோலில் இருக்கும் நீரையே இழுக்க ஆரம்பிக்கிறது. கண்ணாடி முன் நின்று பாருங்கள்: முதலில் தாடை ஓரத்திலும் நெற்றி விளிம்பிலும் நிறம் வெளுக்கும். மூக்குக்குப் பக்கத்தில் இன்னும் அடர்ந்த மஞ்சளாக, ஈரமாக இருக்கும். ஓரம் வெளுத்து நடு ஈரமாக இருக்கும் அந்த நேரம்தான் கழுவ வேண்டிய நேரம். மெல்லிய பூச்சானால் 8 நிமிடத்திலேயே வந்துவிடும். சிரிக்க முடியாமல் முகம் இறுகிவிட்டால் தாமதமாகிவிட்டது என்று பொருள்.

காய்ந்த மாவை விரலால் உருட்டி உருட்டித் தேய்த்து எடுப்பது வேண்டவே வேண்டாம். பரு இருக்கும் முகத்தில் அது பருவைக் கிழித்துவிடும்.

கற்றாழை, பழங்கள், மஞ்சள்

தொட்டியில் கற்றாழை இருந்தால் கீழ்வரிசையின் தடித்த மடல் ஒன்றை அடியோடு வெட்டுங்கள். வெட்டிய முனையிலிருந்து மஞ்சளாக, கசப்பு வாசனையோடு ஒரு திரவம் இறங்கும். அதுதான் பலருக்கு அரிப்பைத் தருவது. மடலை வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் 15 நிமிடம் சாய்த்து நிறுத்தினால் வடிந்துவிடும். கழுவி, இரு பக்க முள்ளையும் சீவி, மேல்தோலை எடுத்தால் கண்ணாடி போன்ற சதை தெரியும். அதில் எங்காவது மஞ்சள் கோடு இருந்தால் அதையும் சீவிவிட்டு, இன்னொரு முறை நீரில் அலசி மசியுங்கள். வெயிலில் அலைந்துவிட்டு வந்த முகத்துக்கு இதுவே தனியாகப் போதும். ஓட்ஸ் தூளோடும் நன்றாகச் சேரும்.

வெள்ளரிக்காயில் 95 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். குளிர்ச்சி தரும், கண்ணைச் சுற்றிய வீக்கம் கொஞ்சம் வடியும். அதற்கு மேல் அதனிடம் கேட்க ஒன்றுமில்லை. நன்கு பழுத்த வாழைப்பழமோ வெண்ணெய்ப்பழமோ வறண்ட சருமத்துக்கு இதமான மேல்பூச்சு. கட்டியில்லாமல் மசித்துப் பூசினால் சரி. பப்பாளியில் பப்பேன் என்ற நொதி உண்டு. புரதத்தை உடைப்பது அதன் வேலை, தோலும் புரதம்தான். காயில் அது மிக அதிகம், ஆகவே காயைத் தொடாதீர்கள். பழத்தை 5 நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

மஞ்சள் தூளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மஞ்சளுக்கு நிறம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக லெட் குரோமேட், மெட்டானில் மஞ்சள் போன்ற சாயங்களைக் கலப்படம் செய்வது உண்டு. முதலாவதில் ஈயம் இருக்கிறது. ஆகவே கிழங்கு வாங்கி நீங்களே பொடித்ததானால் ஒரு சிட்டிகை சேருங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத தூளானால் வேண்டாம். ஒரு சிட்டிகைக்கு மேல் போட்டால் நிறம் ஏறிவிடும். மஞ்சளின் நிறமி நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். கறை பட்டுவிட்டால் சோப்பு போட்டுத் தேய்க்காமல், பஞ்சில் ஒரு துளி எண்ணெய் தொட்டு மெதுவாக ஒற்றி எடுங்கள்.

முகத்துக்கு வரவே கூடாதவை: ஆப்பசோடா (பி.எச். 8-க்கு மேல், தோலின் அமிலத்தன்மையைக் குலைத்துவிடும்), பூண்டு (தோலை வேகவைத்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன), பட்டை, கிராம்பு, நீர் கலக்காத வினிகர். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு காயும்போது தோல் இறுகியது போல் தோன்றும். கழுவியதும் அது போய்விடும். ஆனால் வாய்க்கும் மூக்குக்கும் பக்கத்தில் சால்மொனெல்லா கிருமி போகும் வாய்ப்பு மட்டும் உண்மையானது. சர்க்கரை, உப்பு, காபித்தூள் போட்டு முகத்தைத் தேய்ப்பதும் வேண்டாம். பாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பூசுவதும் கழுவுவதும்

கழுத்திலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். விரல் நுனியால் அழுத்தாமல், தோசைக்கு எண்ணெய் தடவுவது போல லேசாகப் பரப்பினால் போதும். கண்ணைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டுவிடுங்கள். உதட்டையும், மூக்குத் துளையின் ஓரத்தையும்கூட. அலாரம் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்காருங்கள். அந்த நேரத்தில் பேசிக்கொண்டோ சாப்பிட்டுக்கொண்டோ இருந்தால் பேக் உரிந்து விழும்.

லேசான குளிர்ச்சியோ குறுகுறுப்போ சில விநாடிகள் இருந்தால் பரவாயில்லை. எரிச்சல், சூடு, ஊசி குத்துவது போன்ற உணர்வு வந்தால் அந்த நிமிடமே கழுவுங்கள். இன்னும் ஐந்து நிமிடம்தானே என்று உட்கார வேண்டாம்; என் மேலுதட்டுத் திட்டுக்கு அப்படி உட்கார்ந்ததும் ஒரு காரணம். கழுவியபிறகும் எரிந்தால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்து எடுங்கள். அன்று வேறு எதையும் பூசாதீர்கள். வீக்கம், கொப்புளம், தடிப்பு வந்தால் மருத்துவரைப் பாருங்கள். மூச்சு விட முடியாமல் போனாலோ உதடும் நாக்கும் வீங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

கழுவும்போது முதலில் கை நிறைய வெதுவெதுப்பான நீரை முகத்தில் வைத்து வைத்து எடுங்கள். அரை நிமிடம் ஊறியதும் பேக் தானாக இளகும். அதன்பின் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, நிறைய நீரில் அலசுங்கள். புருவம், மூக்கு மடிப்பு, முடியோரம், காதுப் பக்கம் ஆகிய இடங்களில் மாவு ஒளிந்திருக்கும். சோப்பு தேவையில்லை. எண்ணெயோ வெண்ணெய்ப்பழமோ சேர்த்திருந்தால் மட்டும் மிதமான ஃபேஸ் வாஷ் கொஞ்சம்.

ஒற்றித் துடைத்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசர் போட்டுவிடுங்கள். பேக் ஏற்றிவிட்ட ஈரத்தை மூடி வைப்பது அதுதான். அதைப் போடாமல் விட்டால் அரை மணியில் முகம் முன்பைவிட வறண்டதாகத் தோன்றும். பேக் போட்டும் பயனில்லை என்பவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள் என்பது என் எண்ணம். மறுநாள் காலையில் வெளியே போவதானால் சன்ஸ்க்ரீன். கரும்புள்ளியும் திட்டும் குறைய வேண்டும் என்று பேக் போடுபவர்களுக்கு, பேக்கைவிட அதுதான் முக்கியம்.

எத்தனை முறை, எவ்வளவு நாள், யாருக்கு வேண்டாம்

ஓட்ஸ் வாரத்துக்கு இரண்டு முறை வரை போடலாம். கடலை மாவும் தயிரும் ஒரு முறை. பப்பாளி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். தோலின் மேலடுக்கு புதிதாக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஆகவே ஒரே பேக்கை நாலைந்து வாரம் தொடர்ந்து போட்டுவிட்டுத்தான் பலன் உண்டா என்று முடிவு செய்ய வேண்டும். முதல் நாளும் கடைசி நாளும் ஒரே சன்னலோரம், ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்தால் கண்ணை ஏமாற்ற முடியாது.

பருவுக்கான ரெட்டினாய்டு களிம்போ ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையோ எடுப்பவர்கள் தயிர், பப்பாளி இரண்டையும் தவிர்க்க வேண்டும். அவர்களின் தோல் ஏற்கெனவே மெலிந்து எளிதில் எரியும் நிலையில் இருக்கும். ஸ்டீராய்டு களிம்பை முகத்தில் நாள்கணக்கில் போட்டவர்கள் எந்தப் பேக்குக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். த்ரெட்டிங், வாக்ஸிங், ஷேவிங் செய்த நாளிலும் மறுநாளும் வேண்டாம். குழந்தைகளின் முகத்தில் இவை எதுவும் வேண்டாம். உள்ளே கட்டியாக, தொட்டால் வலிக்கும் பருக்கள் சமையலறைப் பொருளுக்கு அடங்காது. தள்ளிப்போடத் தள்ளிப்போட அவை பள்ளமான தழும்பு விட்டுப் போகும். அவற்றுக்கு மருத்துவம்தான்.

கடைசியாக, கிண்ணத்தில் மிஞ்சியது. கடையில் வாங்கும் கிரீம் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது அதில் பதப்படுத்தும் பொருள் இருப்பதால். நாம் கலப்பதில் தண்ணீர், மாவு, சர்க்கரை எல்லாம் இருக்கிறது. பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் இதைவிட நல்ல விருந்து கிடையாது. கெட்டுப்போனது கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிவதற்கு முன்பே கிருமி பெருகியிருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் வேகம் குறையுமே தவிர நிற்காது. நீர் சேராத ஓட்ஸ் தூளைக் காற்றுப்புகாத டப்பாவில், உலர்ந்த ஸ்பூன் மட்டுமே போட்டு எடுத்தால், ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாம். மேலே தேதி எழுதி ஒட்டுங்கள். கலந்தது மிஞ்சினால் அப்போதே புறங்கையிலும் முழங்கையிலும் பூசிவிட்டு, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள்.